குழாயின் மறுமுனை

எஞ்சினின் புகையை வெளியேற்றும் ஹெடர்ஸ் குழாய்களை மாற்றுவதும், அந்தப் புகையின் நஞ்சைக் குறைக்கும் கட்டலிடிக் கன்வேட்டரைக் கழற்றுவதும் கராஜில் பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே கையால் முடிகிற வேலை. காரின் வலுவைக் கூட்ட விரும்புகிறவர் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார். வேலை செய்கிறவரும் சேர்த்தே விலை சொல்கிறார். ஆனால் அறத்தின் கணக்கில் இவை இரண்டு வெவ்வேறு செயல்கள் என்பதுதான் என் வாதம். முன்னது, ஓர் இயந்திரத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் ஆற்றலை வெளிக்கொண்டுவரும் கைவினை. பின்னது, தன் மகிழ்ச்சியின் கழிவை முகம் தெரியாத ஒருவருடைய மூச்சுக்குள் தள்ளிவிடுகிற செயல். இந்த வேறுபாட்டைப் பற்றி யோசிக்க மன்னாரைத் தெரிந்தெடுப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பந்தயக் கார்களின் ஊர் அல்ல அது. கழுதைகளும் பெருக்கமரமும் உப்புவெளியும் மீன்வாடிகளும் உள்ள தீவு. என்றாலும் மதவாச்சியிலிருந்து தலைமன்னார்வரை நீளும் ஏ-14 வீதி மடுத் திருவிழாவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் தென்னிலங்கையின் எல்லா வகை வாகனங்களையும் கொண்டுவருகிறது; தள்ளாடி தாண்டித் தாம்போதியை நோக்கி நேராக ஓடும் வீதி, வேகத்தை விரும்புகிறவரின் காலைத் தானாகவே அழுத்த வைக்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எடுத்தவன் கொண்டுபோவது எது, இருப்பவனிடம் விட்டுப்போவது எது என்ற கேள்வி இந்தக் கரைக்கு மிகப் பழையது.

முதலில் ஹெடர்ஸுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது எரிந்த வாயுவை வெளியே தள்ளுகிறது. காரோடு வரும் வார்ப்பிரும்பு மனிபோல்ட் மலிவானது, உறுதியானது, அதிக இடம் பிடிக்காதது. ஆனால் நான்கு வாயில்களும் குறுகிய தூரத்திலேயே ஒன்றுசேர்வதால் ஒன்றின் வாயு மற்றதன் வழியில் குறுக்கிடும். ஹெடர்ஸில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய். நான்கும் கூடியவரை ஒரே நீளம். வாயு துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. ஒவ்வொரு துடிப்பும் குழாய் விரியும் இடத்தை அடைந்ததும் அங்கிருந்து ஒரு தாழமுக்க அலை வால்வை நோக்கித் திரும்பி வரும். வெளியேற்றும் வால்வும் உள்ளிழுக்கும் வால்வும் ஒரு நொடியின் சிறு துளியளவு நேரம் சேர்ந்து திறந்திருக்கும்போது அந்த அலை வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் எரிந்த வாயு உறிஞ்சப்பட்டு, அந்த இடத்தைப் புதிய காற்று நிரப்பிக்கொள்ளும். எந்தச் சுழற்சி வேகத்தில் அது வந்து சேர வேண்டும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. நாதஸ்வரத்தில் குழலின் நீளம் சுருதியைத் தீர்மானிப்பது போன்ற கணக்குத்தான் இதுவும். நான்கு குழாயும் ஒரேயடியாக ஒன்றாகும் அமைப்பு உச்ச வேகத்தில் பாடும். நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் அமைப்பு நடுத்தர வேகத்தில் இழுவை தரும். இரும்புக் குழாயை வளைத்து இந்தச் சுருதியைப் பிடிப்பவர் செய்வது கலை. நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் இந்தக் கலையை இலங்கையில் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறது. மகிழ்ச்சி தருகிறது என்பதாலேயே ஒரு செயல் குற்றமாகிவிடாது. வேகத்தை விரும்புவதையே ஆணவம் என்று ஒதுக்கிவிடும் ஆன்மீகத்தோடு எனக்கு உடன்பாடில்லை; மனிதன் தன் கையால் செய்த பொருள் நன்றாக இயங்கும்போது அடையும் மகிழ்ச்சி, கடவுளுக்கு எதிரானது என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

கன்வேட்டர் வேறு வகைப் பொருள். அது காருக்கு எதையும் கொடுப்பதில்லை. காரோட்டிக்கும் எதையும் கொடுப்பதில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டத்தைக் கண்டு கவலைப்பட்ட பிரெஞ்சுப் பொறியியலாளர் யூஜின் ஹௌட்ரி 1950களில் புகையின் நஞ்சை வழியிலேயே மாற்றும் இந்தக் கருவியை உருவாக்க முயன்றார். அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் கட்டாயப்படுத்திய பிறகு, 1975ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து அது பரவலாயிற்று. ஒரு டப்பா, அதற்குள் தேன்கூடு போன்ற பீங்கான் அடை, சதுர அங்குலத்துக்கு நானூறு அறைகள் அளவில். அந்த அறைச்சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற மூன்று உலோகங்கள் சில கிராம் மட்டும் பூசப்பட்டிருக்கும். ஏறத்தாழ 250 முதல் 300 பாகை வரை சூடேறியதும் மூன்று நஞ்சுகள் அங்கே உருமாறும். காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாகும். எரியாமல் தப்பிய ஐதரோகாபன்கள் அதே வாயுவாகவும் நீராவியாகவும் பிரியும். நைதரசன் ஒட்சைட்டுகள், நாம் சுவாசிக்கும் காற்றின் பெரும்பகுதியான சாதாரண நைதரசனாகத் திரும்பும். சூடேறிய நல்ல கன்வேட்டர் இவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மாற்றிவிடுகிறது. உலோகங்களோ இந்த வினையில் செலவாவதில்லை. சைவ சித்தாந்தம் இறைவனின் செயலை விளக்கச் சூரியனைக் காட்டும்: தான் மாறாமல், தன் சந்நிதியாலேயே தாமரையை மலர்த்துவது. ஊக்கி என்ற வேதியியல் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எங்கும் கிடைக்காது. ஆனால் ஊக்கியையும் கொல்லலாம். ஈயம் கலந்த பெற்றோல் அதன் முகத்தை மூடிவிடும். இலங்கை 2002இல் ஈயம் கலந்த பெற்றோலைக் கைவிட்ட பிறகுதான் இந்நாட்டு வீதிகளில் கன்வேட்டர் நிலைத்து வாழ முடிந்தது.

அதைக் கழற்றுகிறவருக்குக் கிடைப்பது என்ன? வாயுவின் வழியில் இருந்த ஒரு சிறு தடை நீங்குகிறது; சில குதிரைவலு கூடுகிறது; ஓசை தடிக்கிறது. டர்போ பூட்டிய கார்களில் ஆதாயம் சற்று அதிகம், மற்றவற்றில் சொற்பம். இழப்பவர் யாரென்று கேட்டால் பதில் காருக்குள் இல்லை. குழாயின் மறுமுனையில்தான் இருக்கிறது. அங்கே நிற்பவர் மன்னார் பஸ் நிலையத்தில் காத்திருக்கும் ஒரு தாயாக இருக்கலாம், வீதியோரம் கருவாடு விற்பவராக இருக்கலாம். காபனோரொட்சைட்டு இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கழற்றியவர் அந்த முகத்தை ஒருநாளும் காணப்போவதில்லை. பாதிக்கப்பட்டவருக்கும் எந்தக் காரிலிருந்து வந்தது என்று தெரியப்போவதில்லை. செய்தவனும் பட்டவனும் ஒருவரையொருவர் அறியாத இந்த நிலையில் பாவம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டா என்பதே கேள்வி. பழைய நீதிநூல்களின் குற்றங்களுக்கெல்லாம் முகம் உண்டு: அடித்தவன், அடிபட்டவன், திருடியவன், பறிகொடுத்தவன். முகமில்லாத குற்றத்துக்கு நம் சமய மனம் இன்னும் முழுதாகப் பழகவில்லை.

பழகவில்லை என்றாலும் வெறுங்கையோடு நிற்கவில்லை. பாலாவித் தீர்த்தக் கரையில் நிற்கும் திருக்கேதீச்சரத்துக்குப் பெயர் கொடுத்தவன் கேது. அவன் இங்கே சிவனை வழிபட்டான் என்பது தலபுராணம். கேதுவின் கதை பாற்கடல் கடைந்த கதையின் ஒரு கிளை. தேவரும் அசுரரும் அமுதுக்காகக் கடைந்தார்கள். அமுதுக்கு முன்னால் நஞ்சு வந்தது. கடைந்த எல்லோரும் கயிற்றை விட்டு ஓடினார்கள். கயிறு பிடித்ததில் பங்கு கேட்ட ஒருவரும் நஞ்சில் பங்கு கேட்கவில்லை. அதை ஏற்றவர் கடைதலில் கையே வைக்காத ஒருவர். விழுங்கினால் உள்ளிருக்கும் உலகம் அழியும், உமிழ்ந்தால் வெளியிலிருக்கும் உலகம் அழியும் என்பதால் அதைக் கண்டத்தில் நிறுத்தினார். பிறகு அமுது வந்தபோது அதைக் களவாய் உண்டு தலையிழந்த உடலின் மிச்சம்தான் கேது. வால்வெள்ளிக்கு உள்ள தூமகேது, புகையைக் கொடியாக உடையவன், என்ற பெயரிலும் அவன் பெயரே ஒலிக்கிறது. அமுதத்தில் பங்கு தேடியவன், நஞ்சைத் தாங்கியவனின் காலடிக்கு வந்து சேர்ந்த தலம் இது என்று எண்ணிப் பார்க்கும்போது, ஒரு எஞ்சினைப் பற்றி அதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியாதென்று தோன்றுகிறது. எரித்தலும் ஒரு கடைதல்தான். வலு முன்சில்லுக்கோ பின்சில்லுக்கோ போகிறது, நஞ்சு குழாய்க்குப் போகிறது. இரண்டும் ஒரே கடைதலில் பிறந்தவை. ஒன்றை எனதென்றும் மற்றதை எவருடையதும் அல்லவென்றும் சொல்ல எந்த நியாயமும் இல்லை. கன்வேட்டர் செய்வது கண்டத்தின் வேலை: நஞ்சை வெளியே விடாமல் வழியிலேயே நிறுத்துவது. உவமைக்கு எல்லையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சிவன் பிறருடைய நஞ்சைத் தாங்கினார், அது கருணை. காரோட்டி தாங்க வேண்டியது தன் சொந்த நஞ்சை. அது வெறும் கடமை. கருணையைக் கட்டாயமாக்க முடியாது, கடமையை ஆக்கலாம்.

மன்னாரில் இதற்கு முதலில் வரக்கூடிய மறுப்பு காற்றைப் பற்றியது. இது டில்லி அல்ல. சோளகம் வீசும் மாதங்களில் குடை பிடிக்க முடியாத தீவு. தென்கரையில் தம்பபவனியின் முப்பது காற்றாலைகள் 2020 முதல் சுழல்வதே காற்றின் வலிமைக்குச் சாட்சி. ஒரு காரின் புகை இங்கே நிமிடத்தில் கரைந்துபோகாதா? கரைந்துபோகும், உண்மை. ஆனால் கரைதல் வேறு, இல்லாமல் போதல் வேறு. காபனோரொட்சைட்டு வளிமண்டலத்தில் வாரக்கணக்கில் தங்கும். நைதரசன் ஒட்சைட்டும் ஐதரோகாபனும் வெயிலில் சேர்ந்து, கிளம்பிய ஊரில் அல்ல, காற்று போகும் ஊரில் ஓசோனாகும். காற்று நஞ்சை அழிப்பதில்லை, முகவரியை அழிக்கிறது. இதை எதிர்த்திசையில் நின்று வடக்கு ஒருமுறை கண்டிருக்கிறது. 2022 டிசெம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த காற்று இந்தியப் பெருநிலத்தின் மாசை இலங்கைக்கு மேல் கொண்டுவந்தபோது, அம்மாதம் 9ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்தக் காற்றில் இருந்த நஞ்சை விட்டவர்கள் ஒவ்வொருவரும், தங்கள் ஊரில் நின்று, இது கரைந்துபோகும் என்றுதான் எண்ணியிருப்பார்கள். நாம் அவர்களிடம் கேட்க விரும்பியதையே சோளகத்தில் நம் புகை போய்ச்சேரும் கரைகளும் நம்மிடம் கேட்கலாம்.

அளவு சிறிது என்பதும் இதே மறுப்பின் இன்னொரு முகம். இதற்குப் பதில் மன்னாரின் தெற்கே மரிச்சுக்கட்டியில் இருக்கிறது. 1905இல் அங்கே நடந்த முத்துக்குளிப்பில் 8 கோடிக்கு மேல் சிப்பிகள் எடுக்கப்பட்டன. கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த குளிகாரர்கள் மூச்சடக்கி இறங்கி, எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றார்கள். ஒரு மனிதனின் ஒரு மூச்சில் எத்தனை சிப்பி வரும்? எந்தக் குளிகாரனும் தன் கூடையைப் பார்த்து, இது முத்துப்பாரை வெறுமையாக்கும் என்று சொல்லியிருக்க முடியாது. சொன்னால் அது பொய்யாகவும் இருந்திருக்கும். அடுத்த ஆண்டு பிரித்தானிய அரசு முத்துப்பாரை ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டது. சில ஆண்டுகளில் சிப்பி இல்லாமல் அது இழுத்து மூடப்பட்டது. சிப்பிப் பெருக்கம் இயற்கையாகவே ஏறி இறங்கும் என்பதால் பழியை முழுவதும் கூடைகள்மேல் போட மாட்டேன். எனக்கு முக்கியமானது இன்னொன்று. சிப்பியைத் திறக்க அன்றைய வழி அதை வெயிலில் குவித்து அழுகவிடுவதுதான். முத்தைக் கழுவி எடுத்தவர்கள் கப்பலேறிப் போனார்கள். நாற்றமும் ஈயும் ஓட்டுக் குவியலும் கரைக்கு மிஞ்சின. சிறு அளவுகள் சேர்ந்தால் பெரிதாகும் என்பது கணக்கு மட்டும். எடுப்பது ஒருவரிடமும் எஞ்சுவது இன்னொருவரிடமும் சேரும்படி அமைவதுதான் அநீதி. அதன் அளவு ஒரு கூடையானாலும் அமைப்பு மாறாது. ஆகவே கழற்றிய ஒரு கன்வேட்டரால் இறந்தவர் யார், காட்டு என்று கேட்பவருக்கு என்னால் ஒருவரையும் காட்ட முடியாது. காட்டத் தேவையுமில்லை. மறுமுனையில் நிற்பவரைக் கேட்காமலே அவர் மூச்சைத் தன் குப்பைத்தொட்டியாக ஆக்கிக்கொள்ளும் உரிமையை எடுத்துக்கொண்டதே தவறு.

என் கார், என் காசு, என் உரிமை என்று வரும் மறுப்பு இதைவிட வலுவானது. சட்ட மரபுகள் இதைக் கவனமாகவே எடுத்திருக்கின்றன. தீங்கு செய்யாதே, தீங்குக்குத் தீங்கும் செய்யாதே என்ற பொருள்பட வரும் நபிமொழியை அடிப்படையாகக் கொண்டு, மாலிக்கி சட்ட அறிஞர்கள் அயல்வீட்டுக்குள் நுழையும் குளியலறைச் சூளையின் புகையைக்கூடத் தடுக்கத்தக்க தீங்காக எடுத்தார்கள். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மரபு சொந்தக்காரருக்கு இதைவிடக் கூடுதல் இடம் கொடுக்கிறது: பொருளை வழக்கமான முறையில் பயன்படுத்தும்வரை, அதனால் அயலவருக்கு வரும் சிரமத்துக்காக அவரைத் தடுப்பதற்கு அது தயங்கும். இந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காரை ஓட்டுவது வழக்கமான பயன்பாடு. கார் செய்தவர்களே நஞ்சைத் தடுக்க வைத்த உறுப்பைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவது வழக்கத்தைத் தாண்டிய பயன்பாடு. சொந்தக்காரருக்கு அதிக இடம் தரும் மரபில் நின்றாலும் கழற்றுகிறவரின் வாதம் நிலைக்காது என்றே நினைக்கிறேன். 2015 ஜனவரி 14ஆம் திகதி மடு மாதா சந்நிதிக்கு வந்து போன பாப்பரசர் பிரான்சிஸ், அதே ஆண்டு ஜூனில் வெளியிட்ட லௌதாத்தோ சீ சுற்றுமடலில் காலநிலையை அனைவருக்கும் பொதுவான நன்மை என்று எடுத்து, தனிச்சொத்துரிமையைப் படைப்பின் நலன்கள் எல்லோருக்குமானவை என்ற கோட்பாட்டுக்குக் கீழே வைக்கிறார். மன்னாரின் மூன்று சமயங்களும் வேறு வேறு வாசல்களால் ஒரே முற்றத்துக்கு வந்து சேர்கின்றன. கார் எனது. வலு எனது. ஆனால் புகை வெளியேறும் வெளி எனதல்ல.

சட்டம் அனுமதித்தால் போதாதா என்று அடுத்து கேட்கப்படும். இலங்கையில் 2008இல் மேல்மாகாணத்தில் தொடங்கிப் பின் பரவிய வாகனப் புகைப் பரிசோதனை, ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கத் தேவை. பெற்றோல் வாகனங்களில் அது பார்ப்பது காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபனையும்தான். மூன்றாவது நஞ்சு அந்தக் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2025இல் பொலிஸார் ஓசை கூட்டிய சைலன்சர்களையும் அனுமதியில்லாத பாகங்களையும் கழற்றவைக்கும் நடவடிக்கையில் இறங்கினார்கள்; நல்லது, ஆனால் காது பிடிப்பது ஓசையை மட்டுமே. சட்டம் எப்போதும் அளக்க முடிந்ததைத்தான் தடுக்கும். அதன் ஓட்டைகளை அறிந்தவர் பரிசோதனை நாளுக்குக் கன்வேட்டரைப் பூட்டி மறுநாள் கழற்றுகிறார். இந்த மனநிலை கராஜோடு நின்றுவிடவில்லை. 2015இல் வெளிப்பட்ட வொல்க்ஸ்வேகன் மோசடியில் உலகெங்கும் ஒரு கோடியே பத்து இலட்சம் அளவிலான டீசல் கார்கள், தாம் பரிசோதிக்கப்படுவதைத் தாமே உணர்ந்து அந்த நேரத்துக்கு மட்டும் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும்படி செய்யப்பட்டிருந்தன. அமெரிக்கச் சுற்றாடல் அதிகாரசபை 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பத்தாண்டுகளில் அங்கே ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வாகனங்களின் புகைக்கட்டுப்பாடு சொந்தக்காரர்களாலேயே குலைக்கப்பட்டிருக்கிறது.

ஏமாற்றுவதன் நுட்பத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் சமயம் இங்கேதான் மிக ஆழமாகத் தொடப்படுகிறது. இன்றைய பெற்றோல் கார்களில் கன்வேட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஒட்சிசன் சென்சர் உண்டு. முன்னதன் வேலை எரிபொருளையும் காற்றையும் 1-க்கு 14.7 என்ற விகிதத்தில் நிறுத்த உதவுவது. பின்னதற்கு முதன்மையான வேலை சாட்சி சொல்வது: கன்வேட்டர் இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஓட்டுநர் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றுவது. கழற்றுகிறவருக்கு அந்த விளக்கு தொல்லை. ஆகவே சென்சரை வாயுவிலிருந்து சற்று விலக்கிவைக்க ஒரு சிறு குழாய்த்துண்டு பூட்டப்படுகிறது, அல்லது மென்பொருளில் அந்தக் கேள்வியே அழிக்கப்படுகிறது. யாரிடமும் வாயால் பொய் சொல்லவில்லை. பொய் இரும்பில் செய்யப்பட்டு, ஒவ்வொரு கிலோமீற்றரிலும் தானாகவே சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. இரு தோள்களிலும் எழுதிக்கொண்டிருக்கும் வானவர்களை நம்புகிற இஸ்லாமியரும், உறங்குமுன் மனச்சாட்சியை ஆராயப் பழகிய கத்தோலிக்கரும், செய்த வினை செய்தவனைத் தேடிவரும் என்று நம்பும் சைவரும் பகிர்ந்துகொள்ளும் நம்பிக்கை ஒன்றுதான்: காணாத இடத்திலும் சாட்சி உண்டு. அந்த மஞ்சள் விளக்கு மிக எளிய, மிகச் சிறிய ஒரு சாட்சி. அதை அணைப்பதற்குச் செலவிடப்படும் திறமை என்னை வருத்துகிறது; ஹெடர்ஸின் சுருதியைப் பிடித்த அதே விரல்கள்தானே இதையும் செய்கின்றன.

மறுப்புகளில் என்னை அதிகம் தடுமாற வைப்பது, கன்வேட்டரே தூய்மையானதல்ல என்பது. அது முற்றிலும் சரி. அதன் பிளாட்டினம் பெரும்பாலும் தென்னாபிரிக்க மண்ணின் ஆழத்திலிருந்து வருகிறது. அங்கே மரிக்கானா சுரங்கத்தில் கூலி உயர்வு கேட்ட 34 தொழிலாளர்களை 2012 ஓகஸ்ட் 16ஆம் திகதி பொலிஸார் சுட்டுக்கொன்றார்கள். கன்வேட்டர் வெளியேவிடும் காபனீரொட்சைட்டு குறைவதுமில்லை. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 2.3 கிலோ அது எப்படியும் போகும். சுத்தம் என்ற பெயரில் சுமை இடம்மாறுவதை மன்னார் மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை: நாட்டுக்குத் தூய மின்சாரம் தரும் காற்றாலைகள் தங்கள் கரையிலும், வலசைப் பறவைகளின் வழியிலும், மழைநீர் வடியும் தாழ்நிலத்திலும் மேலும் பெருகுவதை எதிர்த்து 2025 ஓகஸ்டில் அவர்கள் நாட்கணக்கில் வீதியில் நின்றார்கள். 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயத்தின் பூநாரைகளுக்கு எது சுத்தம், கொழும்பின் மின்குமிழுக்கு எது சுத்தம் என்பது ஒரே பதில் கொண்ட கேள்வியல்ல. ஆனால் இந்த உண்மையிலிருந்து கழற்றுகிறவர் எடுக்கும் முடிவு தவறு. ஒரு பொருளின் பிறப்பில் இரத்தம் இருந்தால் அதன்மேல் நமக்குக் கடன் கூடுகிறது, குறைவதில்லை. சுரங்கத்தில் உயிர் போனது ஏதோ ஒரு மூச்சைக் காக்கவாவது உதவட்டும் என்று அதை அதன் வேலையில் வைத்திருப்பது ஒன்று. அதையும் பிடுங்கிப் பழைய இரும்புக்காரரிடம் உலோக விலைக்குப் போட்டுவிட்டு நஞ்சையும் திறந்துவிடுவது இன்னொன்று. முழுத்தூய்மை கிடைக்காது என்பது உண்மை. கிடைக்காத ஒன்றைக் காட்டி, கையிலிருக்கும் அரைத்தூய்மையை எறிந்துவிடும் தர்க்கம் அந்த உண்மையிலிருந்து பிறக்காது.

கடைசியாக, பழைய லொறியும் பஸ்ஸும் ஜெனரேட்டரும் கக்கும் கரும்புகையை விட்டுவிட்டு, வாரவிறுதியில் ஓடும் ஒரு காரை ஏன் பிடிக்கிறாய் என்று கேட்பவர் உண்டு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வடக்கின் போர்க்கால நினைவு போதும். 1990க்குப் பிறகு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குள் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மன்னாரின் பெருநிலப்பரப்பிலும் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, அந்த எஞ்சின்களில் முழுதாக எரியாது. இடித்து, முக்கி, வெண்புகை கக்கிக்கொண்டே கார் போகும். அளந்திருந்தால், இன்று கன்வேட்டர் இல்லாமல் ஓடும் எந்தப் பந்தயக் காரையும்விட அந்தப் புகை மோசமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காருக்குள் இருந்தது பிரசவ வேதனையில் ஒரு பெண். ஷெல் பட்ட ஒரு பிள்ளை. மடுவை நோக்கி இடம்பெயரும் ஒரு குடும்பத்தின் பாயும் பானையும். அவர்களை எந்தச் சமயமும் குற்றம் சொல்லாது. நிர்ப்பந்தம் தடையைத் தளர்த்தும் என்பது இஸ்லாமியச் சட்டத்தின் ஒப்புக்கொண்ட விதி; மற்ற இரு மரபுகளுக்கும் அது அந்நியமானதல்ல. ஆகவே புகையின் கறுப்பை மட்டும் பார்த்து அறம் தீர்ப்புச் சொல்வதில்லை. எதற்காக எரித்தாய், வேறு வழி இருந்ததா என்று அது கேட்கும். கறுத்த புகையோடு போகும் மீன் லொறிக்காரர் திருத்தப்பட வேண்டியவர்தான், ஆனால் அந்தக் கேள்விக்கு அவர் பாதிப் பதிலாவது வைத்திருக்கிறார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்படும்வரை, இலங்கையில் கார்கள் தங்கள் வயதைத் தாண்டி ஓடின. அடைத்துப்போன கன்வேட்டருக்குப் புதிது வாங்க வழியில்லாமல், உள்ளேயிருக்கும் அடையை உடைத்துக் கொட்டிவிட்டுப் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோன தகப்பனை நான் மண்ணெண்ணெய்க் காரோட்டியின் பக்கத்தில்தான் நிறுத்துவேன். ஹெடர்ஸுக்குக் காசு எண்ணிக் கொடுக்கிறவருக்கு அந்த இடமில்லை. அவருக்கு வழி இருக்கிறது. சதுர அங்குலத்துக்கு இருநூறு அறைகளே கொண்ட, மெல்லிய உலோகத் தகட்டால் ஆன கன்வேட்டர்கள் விற்கப்படுகின்றன. வாயுவுக்கு வழி விட்டுக்கொண்டே நஞ்சில் பெரும்பங்கை அவை மாற்றும். பழையதைப்போல முழுமையாக மாற்றாது, விலையும் குறைவல்ல; ஹெடர்ஸின் கணக்கிலேயே அதற்கும் ஒரு வரி போட வேண்டியிருக்கும். அதைப் பூட்டி, பின்சென்சரை அதன் இடத்திலேயே விட்டு, மஞ்சள் விளக்கு எரிந்தால் எரியட்டும், அப்போது திருத்துவோம் என்று புறப்படுகிறவர் தாம்போதியில் கொஞ்சம் அழுத்திப் போனால், என் வாதத்தில் அவருக்கு எதிராக எதுவும் இல்லை. அவர் இழப்பது சில குதிரைவலு.